மூட்டையில் வந்த சாணி

வர்ஜீனியா,
மார்கழி 5.

அன்புள்ள அம்மாவுக்கு,

புது வீட்டு வாசலுக்குச் சாணி தெளித்தாயா என்று போனில் கேட்டாய். "ம்" என்று சொல்லி வைத்துவிட்டேன். நீ ஸ்பீக்கரைப் போட்டுத் தெருவுக்கே கேட்க வைப்பாய் என்பதால் உண்மையை எழுதுகிறேன்.

முதலில், எனக்கு வாசலே கிடையாது. மூன்றாவது மாடி, கதவைத் திறந்தால் கம்பளம் விரித்த நடை. அதில் தெளித்தால் என்னையும் சேர்த்துக் கழுவி வெளியே விடுவார்கள். ஆனாலும் நீ கேட்டுவிட்டாயே என்று செடி விற்கிற கடைக்குப் போய், பள்ளிக்கூடத்து இங்கிலீஷில் "கவ் டங்" என்றேன். அந்தப் பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். அப்புறம்தான் விஷயம் பிடிபட்டது. பாடப் புத்தகத்தில் இருந்தால் டங். மூட்டை கட்டி விலை போட்டால் மெனுயூர். நாய் போட்டால் பூப். காக்கா போட்டால் டிராப்பிங்ஸ். நாம் மாட்டுக்குச் சாணி, ஆட்டுக்குப் புழுக்கை, கழுதைக்கு விட்டை, யானைக்கு லத்தி என்று போட்டவரைப் பார்த்துப் பெயர் வைத்தோம். இவர்கள் இடத்தையும் பார்த்து வைக்கிறார்கள்.

மெனுயூர் என்ற சொல்லுக்கு மூலத்தில் கையால் நிலத்தைப் பண்படுத்துவது என்றுதான் அர்த்தம். கடைப்பையன் கையுறை மாட்டிக்கொண்டு மூட்டையைத் தூக்கி வைத்தான். 22 கிலோ!

திட்டும்போது இவர்களும் பிராணியை மட்டும்தான் பார்க்கிறார்கள். காளை போட்டது என்றால் பொய், கோழி போட்டது என்றால் அற்பம், வௌவால் போட்டது என்றால் முழுப் பைத்தியம். போன வாரம் மேனேஜர் என் கணக்கைப் பார்த்துக் காளையைச் சொன்னார். எங்கள் வீட்டில் அதில் பிள்ளையார் பிடிப்போம் என்று வாய் வரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

இதைக் கேள். எங்கள் குடியிருப்பில் நாய் வளர்ப்பவர்கள் முதலில் நாயின் கன்னத்தில் குச்சியை விட்டு எச்சில் எடுத்துக் கொடுக்க வேண்டும். டென்னஸ்ஸியில் ஒரு லேப் அதன் மரபணுவைப் பதிந்து வைக்கும். புல்தரையில் யாரும் எடுக்காத பூப் கிடந்தால், காவலாளி அதில் துளி எடுத்துக் குப்பியில் அடைத்து, நீ விருத்தாசலம் பீங்கான் பொம்மையைப் பொட்டலம் கட்டித் தந்தாயே அத்தனை பத்திரமாகத் தபாலில் அனுப்புகிறான். 'இன்ன வீட்டு நாய்' என்று பதில் வரும், அபராதமும் வரும். தேரடி நாய்களை வரிசையில் நிற்க வைத்துப் பேரூராட்சி ஆள் எச்சில் எடுப்பதை நினைத்துப் பார். குச்சி திரும்பி வருமா? ஆள் திரும்பி வருவாரா? பக்கத்து வீட்டுக்காரர் தன் நாய் குற்றவாளி இல்லை என்று லேப் எழுதியதை என்னிடம் காட்டினார். நான் பத்தாவது மார்க்கைக் கூட அப்பாவிடம் அப்படிக் காட்டியதில்லை.

வரட்டி கொடுத்தனுப்புகிறேன் என்றாயே, வேண்டவே வேண்டாம். 2021 ஏப்ரலில் வாஷிங்டன் விமான நிலையத்தில், ஏர் இந்தியாவில் வந்த யாரோ விட்டுப்போன பெட்டியில் இரண்டு வரட்டி இருந்தது. கோமாரி வந்துவிடும் என்று அழித்துவிட்டார்கள். செய்தியே வந்தது. நமக்கு இரண்டு வரட்டி வெந்நீர் அடுப்புக்குக் கூடக் காணாது.

நேற்று விடியலில் விழிப்பு வந்துவிட்டது. அங்கே நீ பூசணிப்பூ பறித்துக்கொண்டிருந்த நேரம் இல்லைதான். இங்கே விடியும்போது உனக்குச் சாயங்காலம். இருந்தாலும் மூட்டையைப் பிரித்து மூக்கை விட்டுப் பார்த்தேன். வெறும் மண் வாசனை. மக்க வைத்து மற்றதை எல்லாம் எடுத்துவிட்டார்கள். தண்ணீர் விட்டுப் பிசைந்து பால்கனியில் ஒரு உருண்டை பிடித்தேன். நிற்கவில்லை, பொலபொலவென்று உதிர்ந்தது. கையை இரண்டு தரம் முகர்ந்து பார்த்துவிட்டு ஆபீஸ் போனேன்.

மிச்ச மூட்டை கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. அப்பாவிடம் சொல்லாதே, என்ன விலை என்று கேட்பார்.

உன் மகன்