பென்ஷனும் சம்பளமும்

பணி ஓய்வு விழாவின் ரோஜா மாலை வாடுமுன் அடுத்த கம்பெனியில் சேர்ந்துவிடுகிறார் நம்மவர். பென்ஷன் ஆண்டுக்கு 7 லட்சம். 12 லட்சத்துக்குள்தானே என்று வங்கி வரி பிடிப்பதில்லை. புதுச் சம்பளம் 9 லட்சம். கம்பெனியும் அதே கணக்கைப் போட்டு, 75,000 நிலையான கழிவையும் தன் பங்குக்கு இன்னொரு தரம் தந்துவிடுகிறது. ‘வேறு வருமானம் உண்டா?’ என்று கேட்கும் தாளில் சார் ஒரு கோடு இழுத்திருக்கிறார். பென்ஷன் என்ன வருமானமா, இத்தனை வருஷம் உழைத்ததற்கு மரியாதை அல்லவா! வரிச் சட்டமோ அதையும் சம்பளக் கணக்கில்தான் வைத்திருக்கிறது.

ஜூலையில் ஆடிட்டர் இரண்டையும் கூட்டுகிறார். 2025-26 புதிய முறையில் கழிவு ஒரே தரம்தான். கட்ட வேண்டியது செஸ்ஸோடு 1,13,100 ரூபாய். பழைய ஆபீசில் மாதாமாதம் டிடிஎஸ் பிடித்து வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்ட அக்கவுண்டன்ட் மேல் அவருக்கு அப்போதுதான் பாசம் பொங்குகிறது.