மாத்தூர்க் கல்யாணங்களில் குடும்ப வழக்கம் உண்டாகும் விதம்

கல்யாண மண்டபத்தில் மூத்த பெண்மணி ஒருவர் "எங்க வீட்ல இப்படித்தான்" என்று சொல்லி முடித்த கணத்தில் நடைமுறைக்கு வருவது குடும்ப வழக்கம் எனப்படும். 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம் இதற்குச் சற்றுக் கடுமையான இலக்கணம் வகுத்துள்ளது. வழக்கமென்றால் நெடுங்காலம் இடையறாது, ஒரே சீராகப் பின்பற்றப்பட்டிருக்க வேண்டும். ஒரு குடும்பத்துக்கு மட்டும் உரியதானால் அக்குடும்பம் அதைக் கைவிட்டிருக்கக் கூடாது. மாத்தூரில் நெடுங்காலம் என்பது இரண்டு கல்யாணம்.

மணலியை ஒட்டிய இந்த ஊரின் அமைப்பும் இதற்குத் துணை நிற்கிறது. மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை 1969இல் ஓடத் தொடங்கியதிலிருந்து இந்த வட்டாரத்துக்குப் பிழைக்க வந்தவர்கள் பல மாவட்டத்தார். திருநெல்வேலி வீடும் திருவண்ணாமலை வீடும் இங்கே சம்பந்தி ஆகின்றன. ஒருவர் பக்கத்து வழக்கம் மற்றவருக்குத் தெரியாது. தெரியாததை மறுக்கவும் முடியாது.

உண்டாகும் விதம் பின்வருமாறு. அண்ணன் கல்யாணத்தன்று டிகாக்‌ஷன் வந்து சேரவில்லை என்று கொள்வோம். சமையல்காரர் பாலில் பனங்கற்கண்டைப் போட்டுச் சமாளிக்கிறார். மூன்றாண்டு கழித்துத் தம்பி கல்யாணத்தில் அத்தை கேட்கிறார்: "நம்ம வழக்கப்படி பனங்கற்கண்டுப் பால் எங்க?" பிழை அன்றோடு மரபாகிறது. ஐயப்படுவோருக்கு அண்ணன் கல்யாண வீடியோ சான்று.

வீடியோவின் அதிகாரம் விண்மீன் வரை செல்லும். அருந்ததி வட வானில், சப்தரிஷி மண்டலத்தில் வசிட்டனை ஒட்டி மங்கலாகத் தெரிவது. தொலைவு ஏறத்தாழ 80 ஒளியாண்டு. மண்டபத்தில் அது கேமராக்காரர் நிற்கும் திசையில் உதிக்கிறது. பெண்ணும் மாப்பிள்ளையும் மின்விசிறியைப் பார்த்துத் தலையசைக்கிறார்கள்.

பழமைவாதிகளுக்கும் இவ்விடத்தில் ஆறுதல் குறைவு. அகநானூற்றின் 86ஆம் பாடல் காட்டும் மணத்தில் பந்தலும் புது மணலும் விளக்கும் உளுந்துச் சோறும் உண்டு. மக்களைப் பெற்ற பெண்கள் நால்வர் மணமகளை நீராட்டுகிறார்கள். தாலியைப் பற்றியோ தீவலத்தைப் பற்றியோ ஒரு சொல் இல்லை. தமிழ்நாட்டில் 1967இல் வந்த சட்டத் திருத்தமோ, உற்றார் முன்னிலையில் மாலை மாற்றினாலும் மோதிரம் மாற்றினாலும் தாலி கட்டினாலும் எதுவும் செல்லும் என்றது. ஆகவே சட்டப்படி நலங்கு, ஊஞ்சல், தலையில் அப்பளம் நொறுக்குதல், பனங்கற்கண்டுப் பால் அனைத்தும் உபரி. இதை அத்தையிடம் எடுத்துச் சொல்லும் பொறுப்பைச் சட்டம் யாரிடமும் ஒப்படைக்கவில்லை.

இரு வீட்டாரும் விளக்கம் கேட்காமல் ஒப்புக்கொள்ளும் வழக்கம் மொய் ஒன்றே. 500 என்று யாரும் எழுதுவதில்லை, 501தான். அந்த ஒரு ரூபாயை ஒட்டிய கவர் கடையிலேயே கிடைக்கிறது.