சட்டம் விடும், சேறு விடாது

ஸ்காட்லாந்தின் 2003-ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டம் பெரிய மனசுக்காரச் சட்டம். பொறுப்போடு நடந்துகொண்டால் மலை, காடு, மேய்ச்சல் நிலம் என்று ஏறக்குறைய எங்கும் சைக்கிள் ஓட்டலாம். சேற்றுக்குத்தான் அந்தச் சட்டம் தெரியாது.

டிசம்பரில் அங்கே மலைப்பகுதியான ஹைலேண்ட்ஸுக்குச் சைக்கிளோடு கிளம்புகிறவர்கள், கணப்பருகே பிரிட்டனின் நில அளவை நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் வரைபடத்தை விரித்து, பாதையைக் குறிக்கும் ஒரு புள்ளிக்கோட்டைப் பிடித்துக்கொள்வார்கள். “40 கிலோமீட்டர்தானே!” கோடு போட்டவர், அங்கே சக்கரம் உருளும் என்று சத்தியம் ஏதும் செய்யவில்லை. அந்தப் புள்ளிக்கோடு ஓடையைக் குறிக்கும் நீலக்கோட்டைத் தாண்டும் இடத்தில் பாலம் உண்டா என்று பார்ப்பவர் ஞானி. பார்க்காதவர், மழைநீர் பெருகிய ஓடைக்கரையில் சைக்கிளைத் தோளில் சுமந்து நிற்பவர். பீட் சதுப்பில் சக்கரம் அச்சுவரை இறங்கியதும், யார் வாகனம், யார் பயணி என்பதும் தெளிவாகிவிடும்.

ஹைலேண்ட்ஸின் இன்வர்னஸ் பக்கம் டிசம்பரில் பகலே சுமார் ஆறரை மணி நேரம்தான். மாலை மூன்றரைக்கெல்லாம் சூரியன் கடையைக் கட்டிவிடும். ஆகவே கோடைக் கணக்கில் பாதித் தூரம் போடுங்கள், தலைவிளக்கை மறக்காதீர்கள், திரும்பும் நேரத்தை முதலில் முடிவுசெய்யுங்கள். வீரத்தை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனாலும் குறைவில்லை, சுமையாவது குறையும்.