பின்னால் போக ஒரு கமிட்டி

மயிலாப்பூரில் கார் ஓட்டுகிறவனுக்கு முதல் கியரைவிட ரிவர்ஸ் கியர்தான் முக்கியம். முன்னால் போவது நம் கையில் இல்லை. சித்திரக்குளத்துப் பக்கம் ஒரு தெருவில் நுழைந்தால் எதிரே தண்ணீர் லாரி வரும். லாரி பின்வாங்கியதாகச் சரித்திரம் இல்லை. சரி, லஸ் வழியாகப் போகலாமென்றால் மெட்ரோ. மாதவரத்திலிருந்து வரும் ரயிலும் கலங்கரை விளக்கத்திலிருந்து வரும் ரயிலும் திருமயிலையில் பூமிக்கடியில் சந்தித்துக்கொள்ளப் போகின்றன. அதற்காகத் தோண்டத் தொடங்கிய நாள் முதல், மேலே இருக்கும் நாங்கள் தகரத் தடுப்பு வரை போய் முட்டிப் பார்த்துவிட்டு வந்த வழியே பின்னால் வரப் பழகிவிட்டோம்.

இந்தப் பேட்டையில் ரிவர்ஸ் கவலை இல்லாத வாகனம் ஒன்றே ஒன்றுதான்: கபாலீஸ்வரர் தேர். பங்குனிப் பெருவிழாவின் ஏழாம் நாள் கிளம்பினால் நாலு மாட வீதியையும் முன்னோக்கியே சுற்றி நிலைக்கு வந்து சேரும். திருப்புவதற்கு முட்டுக்கட்டை உண்டு, நிறுத்துவதற்கும் அதேதான். “கொஞ்சம் பின்னால எடுங்க சார்” என்று தேரைப் பார்த்துச் சொல்ல யாருக்கும் தைரியம் வந்ததில்லை.

என் கார் தேர் இல்லை. வயதான சின்னக் கார். அதன் ரிவர்ஸ் கியர் ஒருநாள் கர்ர்ர் என்று கத்த ஆரம்பித்தது.

ஒரு வீட்டில் குக்கர் விசில் ஐந்து தடவை அடித்தாலும் எட்டிப் பார்க்காத எங்கள் அடுக்ககம், அந்த ஒரு சத்தத்துக்கு மொத்தமாக பால்கனிக்கு வந்தது. முதலில் தீர்ப்புச் சொன்னவர் வாட்ச்மேன். “ஆயில் இல்ல சார்.” எந்தக் கோளாறுக்கும் அவருடைய பதில் அதுதான். லிஃப்ட் நின்றபோதும் அதைத்தான் சொன்னார். இஸ்திரி வண்டிக்காரர் பெட்டியைக் கீழே வைக்காமலே, “கியர் பாக்ஸ் பூட்ச்சு சார். வந்த வெலைக்குத் தள்ளிடு” என்றார். அவருடைய மச்சினர் பழைய கார் வாங்கி விற்கிறவர் என்பது எனக்கு ஏற்கெனவே தெரியும். தி. நகரிலிருந்து வந்திருந்த என் சகலை, ஹேண்ட் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது என்றார். ஹேண்ட் பிரேக்குக்கும் கியர் பெட்டிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். ஆனால் சகலையிடம் கேட்க முடியாது.

மூன்றாம் மாடி மாமா கடைசியாக இறங்கி வந்தார். அவர் கடைசியாக வந்தால்தான் கமிட்டிக்குக் கோரம் சேர்ந்ததாக அர்த்தம். ஒருகாலத்தில் ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் வைத்திருந்தவர். வண்டலூரில் இருந்த ஸ்டாண்டர்ட் மோட்டார் தொழிற்சாலையில் 1961லிருந்து தயாரான கார் அது. வடிவமைத்தவர் மிக்கேலோட்டி என்ற இத்தாலியர். ஆனால் மாமா பேசும்போது அவருக்கும் அதில் ஒரு பங்கு இருந்ததாகத் தோன்றும்.

“ஹெரால்டுக்கு ரிவர்ஸே வேண்டாம்டா. கிழக்கு மாட வீதியிலே அப்படியே திரும்பிடும்.”

இதில் பொய் குறைவு. இருபத்தைந்து அடி விட்டத்துக்குள் வட்டமடிக்கும் கார் அது. லண்டன் டாக்ஸிக்குத்தான் அந்தச் சாமர்த்தியம் என்பார்கள். ஆனால் அடுத்து மாமா சொன்னதுதான் விஷயம்.

“ஃபர்ஸ்ட் கியருக்கே சிங்க்ரோமெஷ் கிடையாது அதுலே. வண்டி ஓடிண்டு இருக்கறப்போ ஃபர்ஸ்ட் போட்டா இதே மாதிரிதான் கத்தும். நாங்கள்லாம் சித்தே பொறுத்துப் போடுவோம். உங்க தலைமுறைக்குப் பொறுமை ஏது?”

நோய் என்னவென்று தெரியாமலேயே மருந்தின் பெயரை மாமா சொல்லிவிட்டார்.

கியர் பெட்டிக்குள் நடப்பது இதுதான். கிளட்சை மிதித்ததும் எஞ்சினுக்கும் பெட்டிக்கும் உள்ள தொடர்பு அறுந்துவிடும். ஆனாலும் பெட்டிக்குள் இருக்கும் இன்புட் ஷாஃப்ட், சுவிட்சை அணைத்த ஃபேன் மாதிரி இன்னும் சில விநாடிகள் தன்பாட்டுக்குச் சுற்றும். முன்னால் போகிற கியர்களுக்கு அதனால் ஆபத்தில்லை. ஒவ்வொன்றிலும் ஒரு பித்தளை வளையம் உட்கார்ந்து, உரசி, இரண்டு பக்கத்து வேகத்தையும் சமமாக்கிய பிறகே பல்லைச் சேரவிடும். 1928ல் காடிலாக் கார்களில் முதன்முதலில் வந்த இந்த ஏற்பாடுதான் சிங்க்ரோமெஷ். அதற்கு முன்னால் கார் ஓட்டியவர்கள் காதால் ஓட்டினார்கள். நகரும் பல்சக்கரப் பெட்டியை 1890களில் கொண்டுவந்த பிரெஞ்சுக்காரர் லெவாசோரே, “முரட்டுத்தனம்தான், ஆனால் வேலை நடக்கிறது” என்று சொன்னதாகச் சொல்வார்கள்.

ரிவர்ஸ் மட்டும் பல கார்களில் இன்னும் அந்த லெவாசோர் காலத்திலேயே இருக்கிறது. கார் முழுதாக நின்ற பிறகுதானே ரிவர்ஸ் போடுவார்கள், அதற்கு எதற்கு வளையம் என்று கம்பெனிக்காரர்கள் மிச்சம் பிடித்துவிட்டார்கள். நேர்ப்பல் வெட்டிய மூன்றாவது சக்கரம் ஒன்று நகர்ந்து வந்து இரண்டு சக்கரங்களுக்கு நடுவில் புகும். நடுவில் மூன்றாவது ஆள் வந்தால் சுற்றும் திசை மாறிவிடும். ரிவர்ஸில் போகும்போது கார் ஊளையிடுவதும் அந்த நேர்ப்பல்லால்தான், அது கோளாறில்லை. ஆனால் புகுகிற நேரத்தில் எந்தச் சக்கரமாவது சுற்றிக்கொண்டிருந்தால் பல்லும் பல்லும் மோதும். கர்ர்ர்.

ஆகவே கிளட்சை முழுக்க மிதித்து, இரண்டு மூன்று விநாடி பொறுத்து, பிறகு ரிவர்ஸ் போட வேண்டும். இவ்வளவுதான் சூத்திரம். தியாகராய நகரில் தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை இதைச் செய்து பார்ப்பவர் எனக்கு எழுதவும். உஸ்மான் சாலையில் ஒரு கார் ரிவர்ஸ் விளக்குகூடப் போடாமல் மூன்று விநாடி சும்மா நின்றால், முதல் விநாடியில் ஆட்டோ ஹாரன் அடிக்கும், இரண்டாவதில் பஸ் அடிக்கும், மூன்றாவதில் ஒருவர் வந்து கண்ணாடியைத் தட்டி, “இன்னா சார், தூங்கினியா?” என்பார். பார்க்கிங்கில் வழிகாட்ட வருகிறவரோ, நாம் கேட்காமலே, “வா வா வா... ஒடி... லெஃப்ட்ல ஒடி” என்று கை வீசிக்கொண்டிருப்பார். இன்புட் ஷாஃப்ட் நிற்பதற்கு அவகாசம் தரும் ஊர் இதுவல்ல.

அவசரக்காரர்களுக்குக் குறுக்குவழி ஒன்று உண்டு. முதலில் ஏதாவது ஒரு முன் கியரைப் போட்டுவிட்டு, கிளட்சை விடாமலே ரிவர்ஸுக்கு மாற்ற வேண்டும். முன் கியரின் பித்தளை வளையம் ஷாஃப்டை நிறுத்திக் கொடுத்துவிடும். பின்னால் போவதற்கு முன்னால் போவதுபோல் பாவனை செய்வது. அரசியலில் இருப்பவர்களுக்கு இது தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

என் கார் இரண்டுக்கும் மசியவில்லை. பொறுத்தும் கத்தியது, பாவனை செய்தும் கத்தியது. பெரிய சர்வீஸ் சென்டர் ஒன்றுக்குக் கொண்டுபோனேன். கண்ணாடிக் கதவு, ஏ.சி., காபி மிஷின். கழுத்தில் டை கட்டிய இளைஞர் காருக்குள் உட்காராமலே, சாவியை வாங்கிய கையோடு, “கியர் பாக்ஸ் இறக்கணும் சார், கிளட்ச் செட்டும் மாத்திடலாம்” என்று எஸ்டிமேட் அடித்துக் கொடுத்தார். காபி நன்றாக இருந்தது. குடித்துவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அடையாறில் ஒரு சந்து மெக்கானிக் இருக்கிறார். கடைக்குப் பெயர்ப் பலகை கிடையாது, வேப்ப மரம்தான் அடையாளம். அவர் பேனட்டைத் திறக்கவில்லை. டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, எஞ்சினை அணைத்துவிட்டு ரிவர்ஸ் போட்டார். சத்தமே இல்லாமல் விழுந்தது. “பல்லு நல்லாக்கீது.” எஞ்சினைப் போட்டார். கிளட்சைத் தரை வரை மிதித்துக்கொண்டு, பீடியைப் பற்றவைத்து, ஒரு இழுப்பு இழுத்தார். அவசரமில்லாத மனிதர். அதற்குப் பிறகு ரிவர்ஸ். கர்ர்ர்.

“இம்மா நேரத்துக்கு அப்புறமும் சுத்துதுன்னா, கிளட்ச் உடமாட்டேங்குது சார். மத்த கியர்ல சிங்க்ரோ சமாளிச்சிக்கும், ஒனக்குத் தெரியாது. ரிவர்ஸ் ஒண்ணுதான் உண்மைய சொல்லும்.”

பிறகு முதல் கியரில் போட்டு, கிளட்சை முழுக்க மிதித்தபடியே என்னை வெளியிலிருந்து சக்கரத்தைப் பார்க்கச் சொன்னார். சமதரையில் கார் மெல்ல, வெட்கப்பட்டுக்கொண்டே முன்னால் ஊர்ந்தது. மிதித்தும் கிளட்ச் பிரியவில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். எண்ணெயால் இயங்கும் கிளட்சாக இருந்தால் பெடலை நாலு தடவை மிதித்துப் பார்க்கச் சொல்வாராம். அப்போது சத்தம் குறைந்தால் உள்ளே காற்று புகுந்திருக்கும், அல்லது சிலிண்டர் ஒழுகும். என்னுடையது கேபிள். அடியில் குனிந்து கேபிளின் நட்டைப் பார்த்தார். ஏற்கெனவே யாரோ கடைசி மரை வரை முறுக்கி வைத்திருந்தார்கள். கேபிளின் இழைகள் ஒரு முனையில் பிரிந்து முடி சிலுப்பிக்கொண்டிருந்தன. கேபிள் நீண்டுபோனால் பெடல் தரையைத் தொட்டாலும் கிளட்ச் பாதிதான் பிரியும். லஸ்ஸிலும் கச்சேரி ரோட்டிலும் அரை கிளட்சிலேயே வாழ்ந்த கார் அது. கேபிள் என்ன செய்யும் பாவம்.

ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக்குப் போனேன். மவுண்ட் ரோட்டிலிருந்து பிரியும் அந்தத் தெருவில் ஒரு காரை முழுதாகச் செய்யும் அளவுக்குச் சாமான் கிடைக்கும். புதுப்பேட்டைக்குப் போனால் அதே காரைப் பிரித்தும் கொடுப்பார்கள். கடைக்காரர் என் கார் மாடலைக் கேட்டு அனுதாபமாகப் பார்த்துவிட்டுக் கேபிளை எடுத்துக் கொடுத்தார். சர்வீஸ் சென்டர் எஸ்டிமேட்டில் ஜி.எஸ்.டி. என்று போட்டிருந்த தொகையைவிட அதன் விலை குறைவு.

கேபிள் மாற்றிய பிறகு ரிவர்ஸ் வெண்ணெயாக விழுகிறது. பொறுமையாக மிதித்தால். அவசரப்பட்டால் இன்னமும் லேசாக ஒரு க்ர். அது அதன் பிறவிக் குணம். இதில் நஷ்டப்பட்டது வாசலில் பூக்கடை போட்டிருக்கும் அம்மாதான். “மின்னெல்லாம் சவுண்டு குட்ப்ப, கூடைய நவுத்துவேன். இப்ப திருடன் மாரி வர்ற” என்று கோபித்துக்கொண்டது. ரிவர்ஸில் பாட்டுப் பாடும் ஹாரன் ஒன்று மாட்டித் தருவதாக மெக்கானிக் சொன்னார். கும்பிட்டு மறுத்துவிட்டேன்.

கமிட்டிக்கும் வேலை போய்விட்டது. போன வாரம் முதல் மாடிக்காரர் எலெக்ட்ரிக் கார் வாங்கினார். தேங்காய் உடைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கியதும் மூன்றாம் மாடி மாமா உள்ளே எட்டிப் பார்த்தார். கியர் எங்கே, கிளட்ச் எங்கே என்று கேட்டார். இரண்டும் இல்லை மாமா, பின்னால் போக மோட்டார் மறுபக்கம் சுற்றும், அவ்வளவுதான் என்றார் அவர்.

மாமா காரை ஒரு முறை சுற்றி வந்தார். டயரைக் காலால் தட்டிப் பார்த்தார்.

“அப்போ கெட்டுப்போனா நாங்க என்ன சொல்றது?”