செவ்வாய்க்கிழமை நான்கு மணி: நெய்தலில் ஒரு திணை மயக்கம்

இக்கட்டுரை என் நுதலிற்றோ எனின், உல்லாசக் கப்பல் கம்பெனி ஒன்று சற்றே துணிந்து ஒரு விளம்பர வாசகம் போட்டுவிட்டால், காசு கொடுத்துக் கப்பலேறுகிறவர்கள் அதை எவ்வாறெல்லாம் எடுத்துக்கொள்கிறார்கள் என்பதை ஆராய்தல் நுதலிற்று. விளம்பரத் துறையார் இதை முன்னமே ஆராய்ந்திருப்பரே எனின், ஆராய்ந்திருப்பர். அவர்கள் பொருளதிகாரம் கல்லாதவர் ஆதலின் அவர்தம் முடிபு ஈண்டுக் கொள்ளப்படாது.

எடுத்துக்கொண்ட நூற்பா 1994இல் அமெரிக்காவில் தோன்றியது. அதுவரை கப்பல் விளம்பரம் என்றால் மலைபோல் குவித்த இறாலும் நீச்சல் குளமும் சிரிக்கும் கேப்டனும்தான். கார்னிவல் கம்பெனி தன் கப்பல்களைக் 'கேளிக்கைக் கப்பல்' என்றே கூவி விற்றுக்கொண்டிருந்தது. பிரின்சஸ் கம்பெனிக்கு 1977இல் தொடங்கிய 'லவ் போட்' தொலைக்காட்சித் தொடர் ஒன்றே போதுமானதாக இருந்தது. அதில் காதல் உண்டு, ஆனால் எல்லாம் பாட்டியோடு உட்கார்ந்து பார்க்கக்கூடிய காதல். இந்நிலையில் நார்வீஜியன் குரூஸ் லைன், சான் பிரான்சிஸ்கோவின் குட்பி விளம்பர நிறுவனத்தாரைப் பிடித்தது. அவர்கள் இறாலைத் தூக்கி எறிந்தார்கள். கறுப்பு வெள்ளையில் ஈரத் தோள்களைப் படமெடுத்தார்கள். 'இங்கே எல்லாம் வேறு மாதிரி' என்ற பொருளில் ஒரு முத்திரை வாசகம் வைத்தார்கள். ஒரு விளம்பரத்தில் இருந்த வரிதான் நமக்கு வேண்டிய நூற்பா: செவ்வாய்க்கிழமை பிற்பகல் நான்கு மணிக்குக் கூடிக் களிக்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

இனித் திணை காண்போம். நிலம், கடலும் கடல் சார்ந்த இடமும், ஆகவே நெய்தல். பெரும்பொழுது ஆறும் நெய்தலுக்கு உரிய. கரீபியன் கடலிலும் வருடம் முழுக்கக் கப்பல் ஓடுகிறது. சிறுபொழுது எற்பாடு. நாளை ஆறாகப் பகுத்துப் பத்துப் பத்து நாழிகையாகக் கொள்வார் கணக்குப்படி எற்பாடு பகல் இரண்டு மணிக்குத் தொடங்கி ஆறு மணிக்கு முடியும். நான்கு மணி என்பது அதன் நட்டநடு. சான் பிரான்சிஸ்கோவில் உட்கார்ந்து வாசகம் எழுதியவருக்கு இதை யார் சொன்னார்கள் என்பது தனி ஆய்வுக்கு உரியது. எல்லாம் இவ்வளவு ஒழுங்காகப் பொருந்தி வந்தபின், உரிப்பொருளில் மனிதர் சறுக்கினார். நெய்தலின் உரிப்பொருள் இரங்கல். அவர் வைத்ததோ புணர்தல். அது மலைநாட்டுச் சரக்கு. திணை மயங்கலாம் என்று தொல்காப்பியர் அனுமதி கொடுத்திருப்பது உண்மைதான். அந்த அனுமதி வாடிக்கையாளர்களுக்கு எட்டியதாகத் தெரியவில்லை.

வாடிக்கையாளர் எதிர்வினைகளுள் முதலாவது, சொல்லை அப்படியே கொள்வாருடையது. இவர்கள் கையில் கப்பலின் தினசரி நிகழ்ச்சி நிரல் இருக்கும். செவ்வாய் நான்கு மணிக்கு என்ன போட்டிருக்கிறது என்று விரல் வைத்துப் பார்ப்பார்கள். கப்பல் நடுக்கடலில் இருந்தால் அந்நேரம் பிங்கோ, நாப்கின் மடிக்கும் வகுப்பு, பனிக்கட்டியில் அன்னம் செதுக்கிக் காட்டுதல், டீ. இரவுச் சாப்பாட்டுக்கு அந்தக் காலத்தில் இரண்டு பந்தி. முதல் பந்திக்காரர் ஆறு மணிவாக்கில் கோட்டு மாட்டி மேசையில் இருக்க வேண்டும். வாசகம் விட்டுக்கொடுத்தாலும் பந்தி விட்டுக்கொடுக்காது. (பந்தி முறையை நார்வீஜியன் 2000இல்தான் கைவிட்டது.) கப்பல் துறைமுகத்தில் நின்றால் நிலைமை இன்னும் மோசம். ஐந்து மணிக்குக் கிளம்பும் கப்பலுக்கு நாலரைக்குள் ஏறியாக வேண்டும். நான்கு மணிக்கு இருவரும் ரம் பாட்டில் பைகளோடு டாக்ஸிக்கு அலைந்துகொண்டிருப்பார்கள். பிந்தி வருகிறவர்கள் துறைமேடையில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுவதை, முன்பே ஏறிவிட்டவர்கள் மேல்தளத்துக் கம்பியைப் பிடித்து நின்று, கோப்பையும் கையுமாக, ஆரவாரம் செய்து பார்ப்பது கப்பல் பயணத்தின் காசில்லாக் கேளிக்கைகளுள் ஒன்று. சிலரை விட்டுவிட்டுக் கப்பல் போயே விடும். கரையில் நின்று கலத்தை நோக்கி இரங்குதல் என்னும் தூய நெய்தல் துறை இன்றளவும் உயிரோடு இருப்பது இவர்களால்தான்.

'எந்தச் சட்டமும் இல்லை' என்பதையும் இவ்வகுப்பார் விடமாட்டார்கள். எந்த நாட்டுச் சட்டம்? கம்பெனியின் பெயர் நார்வேயைச் சொல்லும், அலுவலகம் மயாமியில் இருக்கும், கப்பலில் பெரும்பாலும் பறப்பது பஹாமாஸ் கொடி. சட்டம் ஒன்று உண்மையில் உண்டு. 1886இல் அமெரிக்கா இயற்றியது. வெளிநாட்டுக் கொடிக் கப்பல், வெளிநாடு எதையும் தொடாமல் அமெரிக்கத் துறைமுகங்களுக்கு இடையே மட்டும் பயணியை ஏற்றிச் செல்லக் கூடாது. அதனால்தான் சியாட்டிலில் கிளம்பி அலாஸ்கா போய்த் திரும்பும் கப்பல், வரும் வழியில் கனடாவின் விக்டோரியாவைச் சில மணி நேரம், பெரும்பாலும் மாலைக்கு மேல், தொட்டுவிட்டு வருகிறது. சட்டம் கப்பலைக் கட்டுப்படுத்தும், கட்டிலை அன்று என்று இதற்கு உரை காண்க.

இரண்டாவது, மானம் காப்பாருடையது. இதுவே என் ஆய்வின் மையம். வாசகத்தைக் கண்டு அதிகம் கொதிப்பவர் கப்பலையே பார்த்திராதவர் அல்லர். ஏழெட்டு முறை போய்வந்தவர். நாற்பதாவது கல்யாண நாளுக்கு அலாஸ்கா போய்ப் பனிப்பாறை பார்த்து, குளிரில் மூக்கு சிவந்து திரும்பிய தம்பதி என்று வைத்துக்கொள்வோம். வரவேற்பறையில் புகைப்படம் மாட்டியிருக்கிறது. இப்போது பத்திரிகையில் இந்த விளம்பரம். பக்கத்து வீட்டுக்காரர் வேலியோரம் நின்று, 'நீங்கள் போனதும் இதே கம்பெனிதானே?' என்கிறார். வேறொன்றும் சொல்லவில்லை. அந்த ஒரு கேள்வியில் பனிப்பாறை அத்தனையும் உருகிவிட்டது. அவர்கள் கோபம் ஆபாசத்தின் மேல் அன்று. தாங்கள் செய்யாத ஒன்றின் பேர் தங்களுக்கு வந்து சேர்ந்ததன் மேல். இலக்கணத்தில் இதற்கு அலர் என்று பெயர். ஒன்றும் நடக்காமலே அலர் எழுவது இவர்களுக்கு மட்டும் வாய்த்த துறை. இருந்தும் அடுத்த ஆண்டு இவர்கள் கப்பலை மாற்றுவார்களா எனின், பழைய வாடிக்கையாளர் சலுகையை விட்டுக்கொடுக்க யாருக்கு மனம் வரும்?

மூன்றாவது, பொருட்படுத்தாமல் டிக்கெட் வாங்குவாருடையது; இதற்கு வேறொரு கம்பெனி வேண்டும். 2000ஆம் ஆண்டுவாக்கில் ராயல் கரீபியன் தன் விளம்பரங்களுக்கு இக்கி பாப்பின் 1977ஆம் ஆண்டுப் பாட்டான 'லஸ்ட் ஃபார் லைஃப்'ஐ எடுத்துக்கொண்டது. மதுவும் போதையும் விரவிய பாட்டு. ஹெராயின் அடிமைகளைப் பற்றிய 'டிரெய்ன்ஸ்பாட்டிங்' படத்தின் தொடக்கக் காட்சியில் ஒலிப்பதும் அதுவே. கம்பெனி முரசொலியையும் பல்லவியையும் வைத்துக்கொண்டு வில்லங்கமான அடிகளை வெட்டிவிட்டது. பாட்டை அறியாதார் காலாட்டினர். அறிந்தார் வயிறு வலிக்கச் சிரித்தனர். இருவரும் டிக்கெட் வாங்கினர். அந்நாளில் அக்கம்பெனியில் ஓடிய 'நார்டிக் எம்ப்ரஸ்' பல பெயர் மாறி, 2022 ஜூனில் கார்டீலியா நிறுவனத்தின் 'எம்ப்ரஸ்' ஆகச் சென்னையிலிருந்து புறப்பட்டது என்பதும், கப்பலில் சூதாட்டம் உண்டென்ற எதிர்ப்பால் புதுச்சேரி அப்போது அதைக் கரைக்கு அண்டவிடவில்லை என்பதும் இங்கே வேண்டாத செய்திகள். தெரிந்ததைச் சொல்லாமல் விட ஆய்வாளனுக்கு மனம் வருவதில்லை.

வாசகம் மெய்யா பொய்யா என்று உறுதியாகச் சொல்லத்தக்கவர் கேபினைத் துப்புரவு செய்யும் பணியாளர் ஒருவரே. நாள்தோறும் கதவைத் தட்டுகிறவர். துண்டை மடித்து யானை செய்து படுக்கையில் வைத்துவிட்டுப் போகிறவர். அவரை யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் இனாம் கருதிச் சொல்லமாட்டார்.

எஞ்சியோர் பேசாதார். தொகையில் இவர்களே மிகுதி. விளம்பரத்தின் மேற்பாதியை இவர்கள் பார்ப்பதே இல்லை. கண் நேரே அடியில் இருக்கும் பொடி எழுத்துக்குப் போகும். கட்டணம் இவ்வளவு, துறைமுகக் கட்டணம் தனி. அந்தத் 'தனி'யில்தான் உண்மையான கிளுகிளுப்பு இருந்தது. துறைமுகத்துக்கும் அரசுக்கும் போகாத காசும் அந்தப் பேரில் வசூலானதை ஃபுளோரிடா மாநில அட்டர்னி ஜெனரல் துருவியதில், பெரிய கம்பெனிகள் பல 1997இல் இறங்கிவந்து, அந்தக் காசை டிக்கெட் விலையிலேயே சேர்த்துக் காட்ட ஒப்புக்கொண்டன. ஈரத் தோளைப் பற்றி எந்த அட்டர்னி ஜெனரலும் விசாரித்ததாக நான் அறியேன்.

அதே பொடி எழுத்தில் இன்னொன்றும் உண்டு: ஒரு கேபினில் இருவர் தங்கினால் ஆளுக்கு இவ்வளவு. தனியே போகிறவர் பல வேளைகளில் இருவர் காசையும் தானே கட்ட வேண்டும். ஆக ஒருதலைக் காமமாகிய கைக்கிளைக்குக் கட்டணம் இரட்டிப்பு. கைக்கிளைக்கு நிலம் வகுக்கப்படவில்லை என்பதை நினைவில் கொண்டால் இதன் நியாயம் விளங்கும். 2010இல் அதே நார்வீஜியன், 'எபிக்' என்னும் கப்பலில் தனி ஆளுக்கென்றே 128 அறை கட்டி அந்தக் குறையைப் போக்கியது. கைக்கிளைக்குக் கிடைத்த நிலம் சுமார் நூறு சதுர அடி. சன்னல் உண்டு; அது கடலைப் பார்க்காது, நடைவழியைப் பார்க்கும். கட்டிலை மட்டும் இருவர் படுக்கும் அகலத்தில் போட்டிருக்கிறார்கள்.