தகுந்த மசகு, தேவையான அளவு

பெறுநர்: பொழுதுபோக்கு சி.என்.சி. ரவுட்டர்களுக்குக் கையேடு எழுதும் மாண்புமிகு துறையினர்.

பொருள்: 'பராமரிப்பு' என்ற தலைப்பின்கீழ்த் தாங்கள் அருளிய ஒற்றை வாக்கியம் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா/அம்மா,

'நகரும் பாகங்கள் அனைத்துக்கும் தகுந்த மசகைத் தேவையான அளவில் உரிய கால இடைவெளியில் இடவும்.' எத்தனை கம்பெனி, எத்தனை மாடல் வந்தாலும் இந்த வாக்கியம் மட்டும் மாறுவதில்லை. மரத்தில் பெயர்ப்பலகை செதுக்கவும் கதவுக்குப் பூவேலை செய்யவும் வாங்கப்படும் மேசை இயந்திரம் இந்த ரவுட்டர். சுழலும் பிட்டில் விரலை விடாதீர் என்பதற்குப் படம் போட்டுப் பக்கங்களை ஒதுக்கிய தாங்கள், இயந்திரத்தின் ஆயுளை ஒரே வரியில் முடித்துக்கொண்ட சிக்கனத்தை எப்படிப் பாராட்டுவது? எந்த மசகு? தகுந்தது. எவ்வளவு? தேவையான அளவு. எப்போது? உரிய நேரத்தில். ஜோசியர்கள்கூட இவ்வளவு ஜாக்கிரதையாகப் பேசுவதில்லை. அவர்கள் மாதத்தையாவது சொல்லி மாட்டிக்கொள்கிறார்கள்.

அந்த வாக்கியத்தில் தாங்கள் துணிந்து சொன்ன ஒரே சொல் 'அனைத்துக்கும்'. தவறும் அங்கேதான் இருக்கிறது. மலிவு ரகங்கள் பலவற்றில் அலுமினியச் சட்டத்தின் வி வடிவப் பள்ளத்தில் டெல்ரின் பிளாஸ்டிக் சக்கரங்கள் ஓடுகின்றன. டெல்ரினுக்கு வழுக்கும் குணம் பிறவியிலேயே உண்டு. எண்ணெய் விட்டால் சக்கரம் தூளை உருட்டிச் சேர்த்துக்கொள்ளும், வேறு பயனில்லை. ரப்பர் பெல்ட்டில் எண்ணெய் பட்டால் ஊறிக் கெடும். ஸ்பிண்டிலின் பேரிங் பெரும்பாலும் கிரீஸ் அடைத்து மூடியே வருகிறது. பிட்டைக் கவ்வும் காலெட்டில் எண்ணெய் பிசுக்கு இருந்தால் வெட்டும்போதே பிட் நழுவும். ஆக, தங்கள் ஆணையைச் சொல்லுக்குச் சொல் நிறைவேற்றும் விசுவாசி ஒரே மாலையில் இயந்திரத்தைக் கெடுத்துவிடலாம். கையேட்டைப் பிரிக்காத சோம்பேறி பாதியாவது தப்பிப்பான். மசகு உண்மையில் வேண்டியிருப்பது மிச்சமுள்ள இடங்களுக்குத்தான், அவையும் ஒரு ஜாதி அல்ல. லீட் ஸ்க்ரூவில் நட்டின் மரை திருகின் மரைமேல் உரசியபடி வழுக்குகிறது. தூளுக்கு நடுவே திறந்து கிடக்கும் அதற்கு உலர்ந்து நிற்கும் பி.டி.எஃப்.இ. பூச்சு பொருந்தும். பால் ஸ்க்ரூவிலும் லீனியர் ரெயிலிலும் எஃகுக் குண்டுகள் உருள்கின்றன. அவற்றுக்கு லித்தியம் கிரீஸை நிப்பிள் வழியே உள்ளே செலுத்த வேண்டும். ஏழெட்டு வரியில் அடங்கும் செய்தி இது.

மரத்தூள் என்ற ஒன்று இருப்பதே தங்கள் வாக்கியத்துக்குத் தெரியாது. தூளும் எண்ணெயும் சேர்ந்தால் மை ஆகும். மாட்டுவண்டிக்காரர் வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில் குழைத்து வண்டி மை செய்தார். கடையாணியைக் கழற்றிச் சக்கரத்தை இழுத்தால் எங்கே பூசுவது என்ற சந்தேகம் அவருக்கு வந்ததில்லை. மெதுவாகச் சுற்றும் தடித்த அச்சுக்குக் கரி கலந்த மை ஒத்துப்போயிற்று. மர வேலைக்கான ரவுட்டரோ அந்த மையைத் தானே தயாரித்துக்கொள்கிறது, அதுவும் வேண்டாத இடத்தில். எம்.டி.எஃப். பலகையை வெட்டினால் மாவு போலத் தூள் பறக்கும். தேக்கிலோ கத்தி முனையை மழுக்கும் சிலிக்காவே இருக்கிறது. எண்ணெய் வழியும் ரெயிலில் இந்தத் தூள் உட்கார்ந்தால் கிடைப்பது சாணை பிடிக்கும் பசை. உலோகம் வெட்டும் ஆலையில் எண்ணெய் சீவலை அடித்துக்கொண்டு போகும். இங்கே அது தூளைப் பிடித்துவைத்துக்கொள்ளும். அதனால் முதல் வேலை மசகிடுவது அல்ல, துடைப்பது: வாக்குவம் கிளீனரால் உறிஞ்சி, பழைய பிசுக்கைத் துணியால் எடுத்து, பிறகு கொஞ்சமாக கிரீஸ் கொடுத்து, ரெயிலின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை பலமுறை ஓட்டிவிட வேண்டும். காற்றழுத்தத்தால் ஊதினால் தூள் பேரிங்கைக் காக்கும் சீலைத் தாண்டி உள்ளே போகும். கையில் கிடைத்த சிலிகோன் ஸ்ப்ரேயை அடித்தால் அது மரத்திலும் படிந்து, வார்னிஷ் ஒட்டாமல் குழி குழியாக விலகும். ஒவ்வொரு வீட்டிலும் இருக்கும் டபிள்யூ.டி.-40 டப்பாவும் வேண்டாம். 1953-இல் சான் டியேகோவில் பிறந்த அதன் பெயரே தண்ணீரை விரட்டும் 40-ஆவது கலவை என்றுதான் சொல்கிறது. உள்ளே இருக்கும் கிரீஸைக் கரைத்து வெளியேற்றுவதில் அது கெட்டிக்காரன். 'தகுந்த' என்ற சொல்லுக்குள் இத்தனை பள்ளங்கள் இருக்கின்றன.

ரெயில் செய்தவரின் மசகு அட்டவணையை வாங்கியவர் பார்த்துக்கொள்ளட்டும், நாங்கள் இயந்திரத்தைக் கூட்டியவர்கள்தானே என்று தாங்கள் சொல்லலாம். பார்ப்போம். ஜப்பானின் டி.எச்.கே. போன்ற ரெயில் தயாரிப்பாளர்கள் பொதுவாக ஏறத்தாழ 100 கிலோமீட்டர் ஓட்டத்துக்கு ஒருமுறை மசகிடச் சொல்கிறார்கள். நிமிடத்துக்கு 3 மீட்டர் வேகத்தில் ஓடும் ரவுட்டர் 100 கிலோமீட்டரைக் கடக்கச் சுமார் 555 மணி நேரம் ஆகும். ஞாயிறுதோறும் 2 மணி நேரம் மட்டும் ஓட்டுகிறவருக்கு ஐந்து வருடம் தாண்டித்தான் முதல் கிரீஸ் வரும். அதற்குள் கிரீஸ் காய்ந்து, தூள் அடைத்து, ரெயில் கரகரவென்று தாளம் போட ஆரம்பித்திருக்கும். அந்த அட்டவணை நாள் முழுக்க ஓடும் ஆலைக்கு எழுதப்பட்டது. வாரம் ஆறு நாள் தூளோடு தூங்கும் இயந்திரத்துக்கு அல்ல. ரெயில் மேல்நோக்கி இருக்கிறதா, பக்கவாட்டிலா, மூடி உண்டா, நிப்பிளுக்குக் கை எட்டுமா என்பதெல்லாம் கூட்டியவருக்கு மட்டுமே தெரிந்தவை. 'உரிய கால இடைவெளி' எது என்று சொல்லக்கூடிய ஒரே ஆள், அந்தத் தொடரை எழுதிவிட்டு எழுந்துபோனவர்தான்.

தங்கள் துறைக்கும் தங்கள் இயந்திரத்துக்கும் சுபாவ ஒற்றுமை ஒன்று உண்டு. இந்த ரகங்களில் பெரும்பாலானவை திறந்த சுற்றில் இயங்குபவை: கன்ட்ரோலர் ஸ்டெப்பர் மோட்டாருக்குத் துடிப்புகளை அனுப்பும், நகர்ந்ததா என்று திரும்பிப் பார்க்காது. மோட்டார் சுற்றுக்கு 200 படி, திருகு சுற்றுக்கு 8 மில்லிமீட்டர் என்றால் ஒரு படிக்கு 0.04 மில்லிமீட்டர். காய்ந்த திருகு இறுகி மோட்டார் சில படிகளைத் தவறவிட்டாலும் திரையில் எண் சரியாகவே ஓடும். பெயர்ப்பலகையில் மட்டும் கடைசி எழுத்து தள்ளிப்போய் நிற்கும். உத்தரவு போயிற்று, ஆகவே நிறைவேறிற்று. கையேட்டிலும் இதே நிர்வாகம்தான் நடக்கிறது.

பிராண்டு பெயர் சொன்னால் வழக்கு வரும் என்பார்கள் தங்கள் சட்டப் பிரிவினர். பிராண்டு வேண்டாம்; லித்தியம் சோப்பு, என்.எல்.ஜி.ஐ. 2-ஆம் தரம் என்றால் தெருமுனை ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கும் புரியும். கிரீஸ் ஒரு சில்லறை விவகாரம் என்பாரும் உண்டு. 1966-இல் பீட்டர் ஜோஸ்ட் தலைமையில் பிரிட்டிஷ் அரசுக்குத் தரப்பட்ட அறிக்கை, உராய்வையும் தேய்மானத்தையும் மசகையும் ஒழுங்காகக் கவனித்தால் அந்நாட்டுத் தொழில்துறைக்கு ஆண்டுக்கு 515 மில்லியன் பவுண்டு மிஞ்சும் என்று கணக்கிட்டது. ஆகவே அடுத்த பதிப்பில் இயந்திரத்தின் படம் ஒன்று, அதில் மசகு வேண்டிய இடங்களுக்கு ஒரு நிறம், கூடாத இடங்களுக்கு வேறு நிறம், ஓட்டிய மணிக்கணக்கில் ஓர் எண், மாதக்கணக்கில் ஓர் எண் என அரைப் பக்கம் ஒதுக்குமாறு வேண்டுகிறேன். விரல் படத்தைச் சற்றுச் சிறிதாக்கினால் இடம் கிடைக்கும்.

இப்படிக்கு,
தகுந்த நபர்

இடம்: உரிய இடம்
நாள்: தேவையானபோது