மொட்டைமாடிச் சீர்திருத்தவாதி

மொட்டைமாடிச் சீர்திருத்தவாதி சென்னைப் புறநகரில் தனி வீடு வைத்திருப்பவர். வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். வீட்டுக் கடன் பாக்கி இருக்கும்வரை மாடி அவர் கண்ணில் படுவதில்லை. கடைசித் தவணை கட்டிய மாதம்தான், தலைக்கு மேல் 1,200 சதுர அடி ‘சும்மா கிடக்கிறது’ என்பது அவருக்குத் தெரியவரும்.

அது சும்மா கிடந்ததே இல்லை. சித்திரையில் வடாம், வைகாசியில் மோர்மிளகாய், ஆண்டு முழுக்கத் துணி, மூலையில் தண்ணீர்த் தொட்டி, அதன் நிழலில் பரீட்சைக்குப் படிப்பதாகச் சொல்லிவிட்டுக் கைப்பேசியில் பேசும் பிள்ளை என்று எப்போதும் யாராவது, எதுவாவது அங்கே இருந்தபடிதான் இருக்கும். மாடி வீணாகிறது என்பவர் அந்த வீட்டில் துணி உலர்த்தாதவர் என்று தைரியமாக முடிவுகட்டலாம்.

சீர்திருத்தம் கைப்பேசிப் படங்களில் தொடங்குகிறது. பாலித் தீவின் விடுதி, கிரேக்கத் தீவின் வெள்ளை மாடி, ஐரோப்பிய முற்றம் எல்லாம் ஒரே கோப்புறையில் சேர்கின்றன. பிறகு மாடி காகிதத்தில் பாகம் பிரிக்கப்படுகிறது: சாப்பிட ஓரிடம், வாசிக்க ஒரு மூலை, யோகாவுக்கு மேடை, ஊஞ்சல், பர்கோலா என்னும் பந்தல். நடுவில் குளிர்காய நெருப்புக் குழியும் உண்டு. ஜனவரி விடியற்காலையிலும் வெப்பம் 20 டிகிரிக்குக் கீழே இறங்கத் தயங்கும் ஊரில் யார் குளிர்காய்வது என்ற கேள்வியை மனைவி கேட்பார். அதற்குப் பதில் படத்தில் இருக்கிறது.

அடுத்தது மண். பழத்தோட்டம் போடும் ஆசை இல்லாத சீர்திருத்தவாதி இல்லை; ஓரடி உயரத்துக்குச் செம்மண் கொட்டி மாமரம் வைக்க வேண்டும் என்பார். ஆட்கள் ஏறி நடமாடும் கூரைக்குச் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 150 கிலோ கூடுதல் பாரம் என்றுதான் இந்தியத் தர விதி ஐ.எஸ். 875 கணக்கிடச் சொல்கிறது. ஓரடி நனைந்த மண் அதே இடத்தில் அரை டன் வரும். இதைச் சொல்லும் பொறியாளரை அவர் அவநம்பிக்கைவாதி என்று ஒதுக்கிவிட்டு, “பண்ணிடலாம் சார்” என்னும் மேஸ்திரியை அமர்த்துகிறார். நல்லவேளையாக, மண் மூட்டையை இரண்டு மாடி ஏற்றக் கேட்கும் கூலி கட்டடத்தைக் காப்பாற்றுகிறது. தென்னை நார்க்கழிவு நிரப்பிய பைகளில் கத்திரிக்காயும் வெண்டையும் முளைக்கின்றன. மாமரம் கைவிடப்படுகிறது.

பர்கோலாவுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. பழைய மாடித் தளம் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் இடித்துப் போட்டு, மேலே தட்டோடு பதித்து, மழைக்குழாய் நோக்கிச் சரிவு கொடுத்துக் கட்டியது. அதில் இரும்புக் கால் நட நான்கு துளை போடுகிறார்கள். சரிவை மறைத்துச் செயற்கைப் புல் விரிக்கிறார்கள். இது வைகாசியில் நடக்கும். விளைவு ஐப்பசியில் தெரியும். வடகிழக்குப் பருவமழையின் தண்ணீர் துளைக்கு நேர் கீழே ஒழுகுவதில்லை. தளத்துக்குள் ஊர்ந்து, எதிர்பாராத அறையில், பெரும்பாலும் மாமியார் கட்டிலுக்கு மேல், எட்டிப் பார்க்கும்.

விருந்தாளிகளுக்கு மாடிச் சுற்றுலா கட்டாயம். செருப்பைக் கழற்றிவிட்டுப் புல்லில் நடக்கச் சொல்வார். கத்திரி வெயிலில் அந்தப் புல் வெறுந்தரைக்குச் சளைக்காமல் சுடும் என்பதால் விருந்தாளி ஒருவகை நடனத்துடனேயே பாராட்டுவார். எவ்வளவு ஆயிற்று என்ற கேள்விக்கு, மனைவி பக்கத்தில் இருந்தால் பாதித் தொகையும், சகலை பக்கத்தில் இருந்தால் இரட்டைத் தொகையும் பதிலாக வரும். அழையாமல் வருபவர் மாநகராட்சிக் கொசு ஒழிப்புப் பணியாளர். பூந்தொட்டித் தட்டில் தேங்கிய நல்ல தண்ணீரில் ஏடிஸ் கொசு ஒரு வாரம் பத்து நாளில் முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வந்துவிடும். பணியாளர் ஒவ்வொரு தட்டாகக் குனிந்து பார்ப்பதைச் சீர்திருத்தவாதி ரசனை என்று எடுத்துக்கொள்கிறார்.

இவ்வளவுக்குப் பிறகு அங்கே உட்காருவது யார்? காலை எட்டு மணிக்கே வெயில் ஏறிவிடும். மதியம் கடல்காற்று புறப்பட்டாலும் புறநகருக்கு வந்து சேர்வதற்குள் களைத்துவிடும். மாலை கொசுவுக்கு உரியது. இரவில் சீரியல் விளக்கு எரிகிறது. வீட்டார் கீழே ஏசி அறையில் அந்த விளக்கின் படத்துக்கு எத்தனை பேர் விருப்பம் தெரிவித்தார்கள் என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

மாடிக்குக் குடும்பத்தை மொத்தமாக வரவழைப்பது மின்வெட்டு மட்டுமே. அன்றைக்குப் பாயும் தலையணையுமாக எல்லோரும் ஏறி வருவார்கள். பர்கோலாவுக்கு மேலே போட்ட பாலிகார்பனேட் தகடு பகல் சூட்டைப் பிடித்து வைத்திருப்பதால், அதன் அடியில் மட்டும் யாரும் படுப்பதில்லை.